சிவப்பில் எட்டுப் புள்ளிகள்

(வேலூரில் 38 ஆண்டுகள் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை நடத்தி ஓய்வுபெற்றவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.)

சென்ற மாதம் பேட்டரியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அதற்கு வந்தவை நான்கு கடிதங்கள். கடைசியில் போகிற போக்கில், “எல்.இ.டி. விளக்குகளின் ஆயுளைப் பற்றி அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்பிவிடாதீர்கள்” என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதி திட்டு, பாதி கேள்வி. திட்டை நான் வைத்துக்கொள்கிறேன். கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: நான் தினமும் கடக்கும் சிக்னலில் சிவப்பு விளக்கின் ஒரு மூலை இருண்டு கிடக்கிறது. 50,000 மணி நேரம் எரியும் என்பது பொய்யா, ஐயா?
*கல்லூரி மாணவர், காட்பாடி*

பொய் என்று சொல்ல மாட்டேன் தம்பி. ஆனால் அந்த எண் எதைப் பற்றியது என்பதை யாரும் சொல்வதில்லை.

முதலில் கணக்கு. ஓய்வில்லாமல் எரிந்தால் 50,000 மணி நேரம் என்பது ஐந்தே முக்கால் ஆண்டுகூட இல்லை. நான்குமுனைச் சந்திப்பில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய முக்கால்வாசி நேரம் சிவப்புதான். அப்படிப் பார்த்தால் சிவப்பு விளக்குக்கு ஏழரை ஆண்டு வருகிறது. ஏழரை என்றாலே நம் ஊரில் ஆகாது, அது வேறு விஷயம். பழைய இழை பல்புகளோடு ஒப்பிட்டால் இதுவே பெரிய காரியம். வீட்டு குண்டு பல்பு 1,000 மணி நேரம். சிக்னலுக்கென்றே தடித்த இழை வைத்துச் செய்தவைகூட 8,000 மணி நேர அளவில் போய்விடும். ஏணி போட்டு ஏறி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அந்த 50,000 என்பது விளக்கு அணைகிற நேரம் அல்ல. புதிதில் இருந்த வெளிச்சம் நூற்றுக்கு எழுபதாகக் குறைவதற்கு ஆகும் காலத்தைத்தான் பெரும்பாலும் ஆயுள் என்று எழுதுகிறார்கள். எல்.இ.டி. சில்லு, குண்டு பல்பு மாதிரி ஒரு நாள் ‘டப்’ என்று போவது குறைவு. நம்மைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வரும். அந்த எண்ணும் சில்லுக்கு உரியதுதான். அதைத் தகட்டோடு பிடித்து வைத்திருக்கும் சாலிடர் என்கிற ஈயப் பற்றுக்கோ, மின்சாரத்தை அளந்து ஊட்டும் சர்க்யூட்டுக்கோ, மழைத் தண்ணீர் புகாமல் வைத்திருக்கும் ரப்பருக்கோ அந்த ஆயுளை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இனி உங்கள் இருண்ட மூலை. எனக்கும் ஒன்று இருக்கிறது. வீட்டிலிருந்து பால் வாங்கப் போகும் வழியில் ஒரு சந்திப்பு. அங்கே சிவப்பில் சரியாக எட்டுப் புள்ளிகள் எரிவதில்லை. கீழ் வரிசையில் ஓரமாக, பல் விழுந்த வாய் மாதிரி. ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை, எண்ணினேன். ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்: காலை ஐந்தே முக்காலுக்குப் போனால் அந்த எட்டும் எரிகின்றன! பத்து மணிக்குக் காய்கறி வாங்கப் போகும்போது எட்டும் இல்லை. மே மாதத்தில் எட்டு மணிக்கே இல்லை. ஒரு நாள் கோடை மழை பெய்து ஊர் குளிர்ந்தது. சாயங்காலம் எட்டும் திரும்பி வந்துவிட்டன.

என் கடைப் பையனுக்குக்கூட இது புரியும். கோவில் திருவிழாவில் கட்டுகிற சீரியல் செட்டைப் போல, சிக்னலுக்குள் புள்ளிகளை வரிசை வரிசையாகத் தொடுத்திருப்பார்கள். ஒரு வரிசையில் எங்காவது தொடர்பு அறுந்தால் அந்த வரிசை முழுவதும் போகும், மற்றவை எரியும். முழு விளக்கும் ஒரேயடியாக அணைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் பல வரிசையாகப் பிரிக்கிறார்கள்; அது நல்ல யோசனை. என்னுடைய எட்டுப் புள்ளிகளில் எட்டும் சாகவில்லை, ஒன்றுகூடச் செத்திருக்காது. ஏதோ ஒரு காலில் சாலிடர் மயிரிழையாக விரிசல் விட்டிருக்கிறது. வெயில் ஏறித் தகடு விரிந்தால் விரிசல் திறக்கிறது, குளிர்ந்தால் மூடுகிறது. அரை மணி நேரம் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தால், ஒரு பொட்டு ஈயம் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். யார் கொடுக்கப் போகிறார்கள்?

ஒரு வரிசை மட்டும் இல்லாமல் முழு விளக்கும் துடித்துத் துடித்து எரிந்தால் அது வேறு நோய். உள்ளே ஊட்டும் சர்க்யூட்டில் உருளையாக ஒரு கண்டென்சர் இருக்கும், மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுப்பது அதன் வேலை. எல்.இ.டி.க்கு மின்சாரம் ஊட்டும் அந்த சர்க்யூட்டுக்குப் பெயரே ‘டிரைவர்’தான், வண்டி நல்லதாக இருந்து டிரைவர் படுத்துவிட்ட கதை. கண்டென்சரின் உடம்பில் 105 டிகிரி என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சூட்டில் அது 2,000 மணி நேரம் தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. 75 டிகிரியில் 16,000 மணி நேரம். 65 டிகிரியில் 32,000. மூடிய கறுப்புப் பெட்டி, வேலூர் வெயில், மேலே நிழல் இல்லை. எந்த டிகிரியில் அது வாழ்கிறது என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். ஐம்பதாயிரம் மணி நேரச் சில்லுகள் நூறு, அவற்றுக்குச் சோறு போடுவது பதினாறாயிரம் மணி நேரக் கண்டென்சர் ஒன்று!

இன்னொன்று. சிவப்பு எல்.இ.டி. சூட்டில் பச்சையைவிட அதிகமாக மங்கும். ஆறினால் பழைய வெளிச்சம் வந்துவிடும். வெயில் உச்சியில், நமக்குக் கண் கூசும் நேரத்தில் பார்த்து, நிற்கச் சொல்லும் விளக்கு சோர்ந்து போகிறது. அதற்குத் தக்கபடி செய்த தரமான விளக்கும் உண்டு, டெண்டரில் குறைந்த விலைக்கு வந்த விளக்கும் உண்டு.

கேள்வி: தோல் ஆலைகளுக்கு லோடு ஏற்றும் லாரி வைத்திருக்கிறேன். பின்பக்க எல்.இ.டி. விளக்கு நான்கு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. பேசாமல் பழைய பல்புக்கே போய்விடலாமா?
*லாரி உரிமையாளர், ராணிப்பேட்டை*

போகாதீர்கள். காரணம் சொல்கிறேன். இழை பல்பு சூடேறி முழு வெளிச்சம் தர ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எல்.இ.டி. பிரேக்கை மிதித்த உடனே எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி அந்த ஐந்தில் ஒரு பங்கு விநாடியில் நான்கு மீட்டருக்கு மேல் வந்துவிடும். நம் பெங்களூர் சாலையில் உங்கள் லாரிக்குப் பின்னால் வருகிறவனுக்கு அந்த நான்கு மீட்டர் என்பது அவன் குடும்பம்.

இப்போது உங்கள் லாரி. முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். 24 வோல்ட் லாரி, ஓடும்போது 28 வோல்ட் அளவில் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி முனை தளர்ந்து ஒரு கணம் விட்டால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் வோல்ட் எகிறும். இழை பல்பு அதைச் சிரித்துக்கொண்டே தாங்கும். மலிவான எல்.இ.டி.க்குள் மின்சாரத்தை மட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டர், அதன் பின்னால் சில்லு, அவ்வளவுதான். தடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இந்தத் தொழிலில் பல்பை மாற்றிக் காசு பார்த்தவர்கள் பலர். முனையை இறுக்கிவிட்டு, “போங்கள், காசு வேண்டாம்” என்று சொன்ன முட்டாள்களில் நான் ஒருவன்.

அடுத்தது எர்த். பின்பக்க விளக்குக்குச் சேசிஸிலேயே எர்த் எடுத்திருப்பார்கள், துரு ஏறியிருக்கும். தனியாக ஒரு வயர் முன்னால்வரை இழுத்துவிடுங்கள்.

இந்த இரண்டும் சரியாக இருந்தும் நான்கு மாதம்தான் என்றால், உங்கள் லோடைச் சந்தேகப்படுவேன். தோலில் மயிரை எடுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் சோடியம் சல்பைடு போடுவார்கள். அதிலிருந்து அழுகிய முட்டை வாடையோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். தோல் ஆலைப் பக்கம் பெண் கொடுத்தவர்களைக் கேளுங்கள், வெள்ளிக் கொலுசு எவ்வளவு சீக்கிரம் கறுக்கிறது என்று. பல எல்.இ.டி.க்களில் சில்லு உட்கார்ந்திருக்கும் குழிக்கு வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள், வெளிச்சத்தைத் திருப்பி வெளியே அனுப்புவதற்கு. மேலே மூடியிருக்கும் சிலிகான் தண்ணீரைத் தடுக்கும், வாயுவை விட்டுவிடும். உள்ளே வெள்ளி கறுக்கும், வெளிச்சம் பழுப்பாகும். ஒருமுறை வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு லாரியின் விளக்கைப் பிரித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய புள்ளிகளின் அடியில் சாம்பிராணிக் கரி மாதிரி ஒரு வளையம். விளக்கு செய்தவனையும் குறை சொல்ல முடியாது, லாரிக்காரரையும் குறை சொல்ல முடியாது. முழுக்க ரெசின் ஊற்றி அடைத்த விளக்காகப் பார்த்து வாங்குங்கள். தட்டினால் ‘டொக்’ என்று கெட்டிச் சத்தம் வர வேண்டும், டப்பாச் சத்தம் வரக் கூடாது.

கேள்வி: என் ஸ்கூட்டரில் பகலிலும் ஹெட்லைட் அணைவதே இல்லை. சுவிட்சும் இல்லை. விளக்கு சீக்கிரம் தேய்ந்துவிடாதா?
*ஆசிரியை, குடியாத்தம்*

2017 ஏப்ரல் 1 முதல் தயாராகும் இரு சக்கர வாகனங்களுக்கு இது சட்டம் அம்மா. எதிரே வருகிறவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. பள்ளிக்குப் போய் வர நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால், 50,000 மணி நேரம் தீர 137 ஆண்டு ஆகும். ஸ்கூட்டர் அதற்கு முன்பே காயலான் கடைக்குப் போய்விடும்.

கேள்வி: 2006-ல் வாங்கிய பைக்கில் இண்டிகேட்டர்களை எல்.இ.டி.யாக மாற்றினேன். படபடவென்று அடிக்கிறது. ஹெட்லைட்டோ வண்டி நின்றால் மினுக்மினுக் என்கிறது.
*செய்யாறு வாசகர்*

இரண்டும் இரண்டு விஷயம். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் பழைய பிளாஷர் தன் வழியாக ஓடும் மின்சாரத்தை வைத்துத்தான் துடிக்கிறது. ஒரு பக்கத்து பல்புகள் இழுத்த அளவுக்கு எல்.இ.டி. இழுப்பதில்லை, ‘ஒரு பல்பு போய்விட்டது’ என்று நினைத்துக்கொண்டு அது வேகமாக அடித்து உங்களை எச்சரிக்கிறது. பாவம், தன் வேலையைத்தான் செய்கிறது. எல்.இ.டி.க்கான பிளாஷர் போடுங்கள். கடையில் ரெசிஸ்டர் கட்டித் தருகிறேன் என்பார்கள். மிச்சப்படுத்திய மின்சாரத்தை எல்லாம் அதில் சூடாக எரித்து, பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கையும் உருக்கும்.

ஹெட்லைட் விஷயம்: அந்தக் காலத்துப் பல பைக்குகளில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து ஓடாது. இன்ஜினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து நேராக ஏ.சி. மின்சாரம். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பளிச், விட்டால் மங்கல். இழை பல்புக்கு அது போதும். எல்.இ.டி.யோ ஒவ்வொரு துடிப்புக்கும் எரிந்து அணையும். ஒயரிங்கை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால் இப்படித்தான்.

கேள்வி: காரில் ஹெட்லைட்டுக்குள் பகலில் எரியும் கீற்று விளக்கில் ஒரு துண்டு மட்டும் அணைந்துவிட்டது. முழு ஹெட்லைட்டையும் மாற்ற வேண்டும் என்று சர்வீஸ் நிலையத்தில் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.
*சத்துவாச்சாரி வாசகர்*

உங்களுக்குத் தலை சுற்றுகிறது, எனக்கு வயிறு எரிகிறது.

என் கடையில் ஒரு காலத்தில் ஹெட்லைட் வேலை என்றால் கம்பியை நெம்பு, பல்பை எடு, பல்பைப் போடு, பத்து நிமிடம். இன்று எல்.இ.டி. ஹெட்லைட் பெரும்பாலும் ஒரே உருப்படி. முன் கண்ணாடி என்று நாம் சொல்வது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்கிற பிளாஸ்டிக். அதைப் பின்கூட்டோடு பசை வைத்தோ உருக்கியோ ஒட்டிவிட்டார்கள். திறப்பதற்கு வழியே வைக்கவில்லை. தண்ணீர் புகாமல் இருக்க அப்படிச் செய்ய வேண்டியிருக்கிறது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் உள்ளே இருக்கும் கைவிரல் அகல சர்க்யூட் தகட்டைத் தனியாக விற்கலாமே? சிலர் டிரைவர் பெட்டியை மட்டுமாவது வெளியே, திருகாணியில் கழற்றும்படி வைத்திருக்கிறார்கள். எனவே முதலில் அதைக் கேளுங்கள்: “போனது உள்ளேயா, பெட்டியா?” பெட்டி என்றால் அதை மட்டும் மாற்றலாம். பின்பக்க இணைப்பியில் மின்சாரம் வருகிறதா என்று உங்கள் கண் முன்னால் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இணைப்பியில் பச்சை பிடித்து நின்றுபோன விளக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் போதும். உத்தரவாதக் காலத்துக்குள் என்றால் வாயால் பேசாதீர்கள், எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

உத்தரவாதம் முடிந்துவிட்டதென்றால், அடுப்பு மாதிரிப் பெட்டியில் வைத்துப் பசையை இளக்கி, ஹெட்லைட்டைப் பிரித்துத் தகட்டைச் சரிசெய்கிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். சிலர் கையில் வித்தை இருக்கிறது. பிரித்ததை மறுபடி எப்படி அடைக்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். மழைக்குப் பிறகு உள்ளே லேசாக ஆவி படிந்து, விளக்கு எரிந்ததும் ஒரு மணி நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை, காற்றுத் துளை வேலை செய்கிறது என்று பொருள். அடியில் தண்ணீர் அசைந்து ஆடினால் அடைப்பு தோற்றுவிட்டது.

கேள்வி: ஹாலஜன் பல்பை எடுத்துவிட்டு அதே ஹோல்டரில் எல்.இ.டி. போடலாமா? மூன்று மடங்கு வெளிச்சம் என்று போட்டிருக்கிறான்.
*ஆம்பூர், ஆரணி, திருப்பத்தூரிலிருந்து மூன்று பேர்*

நானே போட்டேன். நான்கு பேருக்கு அறிவுரை சொல்கிறவன் செய்த காரியம் இது, அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

என் பழைய அம்பாசடரின் வட்ட ஹெட்லைட்டில் போட்டேன். முதல் நாள் இரவு கொணவட்டம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், எதிரே வந்த ஒவ்வொரு வண்டியும் எனக்கு டிம் அடித்துக்கொண்டே போனது. நான் டிம்மில்தான் இருந்தேன்! வீட்டுக்கு வந்து, தெருக்கோடியில் பள்ளிக்கூடச் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்திப் பார்த்தேன். ஹாலஜன் போட்டிருந்தபோது சுவரில் கோடு கிழித்த மாதிரி, கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எல்.இ.டி.யில் கோடே இல்லை. வெள்ளையடித்த மாதிரி சுவர் முழுக்க வெளிச்சம். ஹாலஜனில் டிம் இழைக்கு அடியில் சின்னக் கிண்ணம் ஒன்று இருக்கும். இழை எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கென்றே பின்னால் உள்ள ரிஃப்ளெக்டரை வளைத்திருப்பார்கள். எல்.இ.டி. சில்லு ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் வெளிச்சம் சாலைக்குப் போகாமல் எதிரே வருகிறவன் கண்ணுக்குப் போகும். வெளிச்சம் மூன்று மடங்கு என்பது உண்மையாகவே இருக்கட்டும்; அது யாருக்கு என்பதுதான் கேள்வி.

ஐந்தாவது மாதம் ஒரு பக்கம் நின்றுபோனது. பின்னால் சுண்டுவிரல் நகமளவுக்கு ஒரு குட்டி விசிறி. சில்லின் சூட்டை வெளியேற்ற அதை நம்பித்தான் அந்த பல்பே இருக்கிறது. பாலாற்று மணல் தூசி, எங்கள் வீட்டு நாயின் முடி எல்லாம் சேர்ந்து விசிறியைக் கட்டிப்போட்டுவிட்டது. போதாததற்கு ஹெட்லைட்டின் பின் ரப்பர் மூடி அதற்குக் காற்றே விடவில்லை. சில்லைப் பிரித்துப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். அதில் பாதி இன்னும் எரிந்தது.

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்கென்று வடிவமைத்த ஹெட்லைட் வேறு ஜாதி. டிம் விளக்கையும் எல்.இ.டி.யாக வைத்து முதலில் வெளிவந்த கார் 2007-ல் லெக்ஸஸ். சிவப்புப் பின்விளக்கு அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது, வெள்ளைக்கு நீலச் சில்லு வேண்டும், அதன்மேல் மஞ்சள் பூச்சு வேண்டும். அந்த நீலத்துக்கு முப்பது ஆண்டு காத்திருந்தார்கள். அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த மூவருக்கு 2014-ல் நோபல் பரிசு. அந்த நீலத்தைத்தான் நான் ஒரு ரப்பர் மூடிக்குள் போட்டு வேக வைத்தேன்.

கேள்வி: கனடாவில் இருக்கும் என் பேரன், அங்கே எல்.இ.டி. சிக்னலைப் பனி மூடி, நிறமே தெரியாமல் போகிறது என்கிறான். அங்கேயும் தரம் இல்லாத விளக்கா?
*ஓய்வுபெற்ற தாசில்தார், வாலாஜா*

தரம் நன்றாக இருப்பதால் வந்த வினை, ஐயா. பழைய பல்பு, தின்ற மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகக் கக்கியது. அந்தச் சூடு முகத்தில் ஒட்டிய பனியை உருக்கியது. எல்.இ.டி. தின்பதே கொஞ்சம், அதன் சூடும் முன்பக்கம் வராமல் பின்தகட்டுக்குப் போய்விடுகிறது. பனி அப்படியே உட்கார்ந்துகொள்கிறது. விளக்கின் மேல்மூடியின் வடிவத்தை மாற்றியும், முகத்துக்குச் சூடேற்றும் கம்பி வைத்தும் சமாளிக்கிறார்கள்.

நமக்கு அந்த மேல்மூடி வெயிலுக்கு வேண்டும். என் சந்திப்பில் சிவப்புக்கு மேல் இருந்தது போன ஆடிக் காற்றில் ஒடிந்து, ஒரு திருகாணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எட்டுப் புள்ளிகள் இருப்பது அதற்கு நேர் கீழே.